தோட்டத்து ஊரிலிருந்து ஒரு ராக் சிங்கிள்: தேதியைக் கடைசியில் அறிவியுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பெஸ்தாரி ஜெயா (பழைய பேர் பத்தாங் பெர்ஜுந்தை), லாபிஸ் என்று தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் ஆல்டர்நேட்டிவ் ராக் வாசிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உறுமி மேளமும் ராப்பும் எடுபட்ட அளவுக்கு இந்த இசை நம்மிடம் இன்னும் எடுபடவில்லை, ஆனாலும் இருக்கிறார்கள், நல்லாவே வாசிக்கிறார்கள். முதல் சிங்கிளை, அதாவது தனியாக விடுகிற ஒரு பாட்டை, வெளியிடத் துடிக்கிற அந்தக் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது சுங்கை சிப்புட், அதனால் உதாரணமெல்லாம் பேராக் பக்கமாகத்தான் வரும். உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட்டு பாதி முடிந்ததுமே போஸ்டர் போட்டு "அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறோம்" என்று அறிவிக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். தேதியை ஊருக்குச் சொல்லிவிட்டால் அப்புறம் எல்லாமே அந்தத் தேதிக்காக ஓடும்: மிக்ஸிங் அவசரம், அட்டைப்படம் அவசரம், யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சு வந்தால் "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்". பாட்டு முழுக்க முடிந்து, பங்கு பேசி எழுதி, கோப்பு ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களுக்குப் போய்ச் சேர்ந்து, அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் தேதி வெளியே வர வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த வரிசைப்படிதான் போகும்.

ஊர் சின்னது, வசதி இல்லை என்று தயங்கவே வேண்டாம். அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழு 1981-ல் தன் முதல் சிங்கிளை ஹிப்-டோன் என்ற சின்ன நிறுவனத்தின் வழியாக வெளியிட்டது, அதைப் பதிவு செய்தது மிட்ச் ஈஸ்டர் என்பவர் தன் பெற்றோர் வீட்டுக் கார் கொட்டகையில் வைத்திருந்த ஸ்டூடியோவில். அதே நாட்டின் நிர்வாணா குழு வந்த அபெர்டீன் மரம் வெட்டும் தொழிலை நம்பி வாழ்ந்த ஊர், நம் தோட்டத்து ஊர்கள் பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த மாதிரி. 1988-ல் சப் பாப் என்ற நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய முதல் சிங்கிள் ஆயிரம் பிரதிதான், ஒவ்வொன்றிலும் கையால் எண் எழுதியிருந்தார்கள். நம் நாட்டிலேயே பினாங்கிலிருந்து லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் ஆலிகேட்ஸ் குழுவில் மலாய்ப் பாட்டுப் பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கினார்கள். தொண்ணூறுகளில் கோலாலம்பூரிலிருந்து பட்டர்ஃபிங்கர்ஸ் என்ற ராக் குழு வந்தது. தமிழில் பாடுகிற ராக் குழுவுக்கான இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது, அதனால்தான் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

எந்தப் பாட்டு

குழுவில் எல்லாருக்கும் பிடித்த பாட்டுதான் சிங்கிள் என்று இல்லை. டிஸ்டார்ஷன், டிரம்ஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே ஒரு கித்தாரில் பாடிப் பாருங்கள். அப்போதும் அந்தப் பல்லவி நிற்கிறதா? உங்கள் இசையைக் கேட்டுப் பழகாத ஒருவரிடம், அத்தை, மாமா, பக்கத்து லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) அண்ணன் யாராக இருந்தாலும் சரி, பாடிக் காட்டுங்கள். மறுநாள் அவர் வாயில் ஒரு வரியாவது முணுமுணுப்பாக வந்தால் அதுதான் உங்கள் பாட்டு. நண்பர்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

தமிழில் எழுதும்போது ராக் குழுக்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. மெட்டை முதலில் கித்தாரில் போட்டுவிட்டு, ஆங்கிலம் மாதிரி ஒலிக்கிற ஏதோ ஓசையை வைத்துப் பாடிப் பழகி, கடைசியில் தமிழ்ச் சொற்களை அதன்மேல் திணிப்பார்கள். நீட்டிப் பாடுகிற இடத்தில் குறில் வந்து விழும். பாடகர் அதை நெடிலாக இழுத்தால் மலை மாலையாகிவிடும், கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. நீளமான சுரம் வருகிற இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டு அங்கே நெடில் வருகிற மாதிரி வரியை மாற்றி எழுதுங்கள். கத்திப் பாடுகிற இடத்தில் ஆ, ஓ, ஏ வந்தால் தொண்டையும் திறக்கும், சொல்லும் கேட்கும். இது ஒரு சாயங்கால வேலைதான், ஆனால் பாட்டையே மாற்றிவிடும்.

நீளம் மூன்றரை நிமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஃபீட்பேக் ஊளையுடன் ஒரு நிமிட முன்னிசை மேடையில் சிலிர்க்க வைக்கும், வானொலியில் எடுபடாது. கால் நிமிடத்துக்குள் குரல் வந்துவிட வேண்டும்.

பதிவு

டிரம்ஸை மட்டும் ஈப்போவில் ஒரு ஜாம்மிங் ஸ்டூடியோவில் மணிக்கணக்குக்கு எடுத்துப் பதிவு செய்துகொண்டு, மற்றதை வீட்டிலேயே செய்யலாம். ஸ்டூடியோவுக்குப் போகும் முன்பே கிளிக்குடன் (தாளம் தட்டிக் காட்டும் ஓசை) வாசித்துப் பழகியிருக்க வேண்டும். அங்கே போய்ப் பழகினால் காசு வாடகையிலேயே கரையும்.

வீட்டுப் பதிவு என்றால் நம் ஊர்களில் முதல் எதிரி தகரக் கூரைதான். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தால் கண்டென்சர் மைக்கில் வேறு எதுவுமே கேட்காது. குரலையும் சாதாரண கித்தாரையும் காலையில் பதிவு செய்யுங்கள், காற்றாடியை அணைத்துவிட்டு. இடி இடிக்கத் தொடங்கினால் இன்டர்ஃபேஸ், கணினி, ஆம்ப் எல்லாவற்றின் வயரையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது, மின்னல் வயர் வழியாக வந்து ஒரே நொடியில் எல்லாவற்றையும் முடித்துவிடும்.

எலெக்ட்ரிக் கித்தாரின் சத்தத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். எஸ்எம்57 மாதிரி ஒரு டைனமிக் மைக் போதும். ஆம்பின் முன்வலைக்குள் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தால் ஸ்பீக்கரின் நடுவில் ஒரு வட்டமான மூடி தெரியும். அந்த மூடிக்கு நேராக மைக்கை வைத்தால் சத்தம் கூர்மையாகக் காதைக் குத்தும், ஓரத்துக்குப் போகப் போக மந்தமாகும். மூடி முடிந்து கூம்பு தொடங்குகிற கோட்டுக்கு நேராக, வலையிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். அதே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கித்தார் துணுக்கு) பத்து நொடி வாசித்துப் பதிவு, ஒரு விரல் அளவு நகர்த்து, மறுபடி பத்து நொடி. எல்லாவற்றையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேட்டால் எந்த இடம் என்று காதே சொல்லிவிடும். கெயினை மேடையில் வைப்பதைவிடக் குறைத்து வையுங்கள், ஏனென்றால் அதே பகுதியை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் போடும்போதுதான் அந்தப் பெரிய சுவர் மாதிரியான சத்தம் வருகிறது. ஒரு டேக்கையே நகல் எடுத்து இரண்டு பக்கமும் போட்டால் வராது, இரண்டு வாசிப்புக்கும் உள்ள சின்னச் சின்ன வித்தியாசத்தில்தான் அகலமே இருக்கிறது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் சுருதி பாருங்கள், நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் கம்பி நிற்காது.

குரலுக்கு ஒரு பழைய மெத்தை போதும். அதை மைக்குக்குப் பின்னால் சாத்துகிறவர்கள்தான் அதிகம், ஆனால் வைக்க வேண்டிய இடம் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். மைக் முன்பக்கத்தைத்தான் கேட்கிறது, பாடுபவரைத் தாண்டிப் பின்சுவரில் பட்டுத் திரும்புகிற எதிரொலிதான் அதற்குள் போய் விழுகிறது.

மிக்ஸ் முடிந்ததும் நல்ல ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். பழைய கஞ்சில் காரில் போட்டுக் கேளுங்கள், கைப்பேசியை மேசைமேல் வைத்துக் கேளுங்கள், மாமாக் கடையில் தே தாரேக் இழுக்கிற சத்தத்துக்கு நடுவில் கேளுங்கள். அங்கே பாடல் வரி புரியவில்லை என்றால் குரலை ஏற்றுங்கள். கித்தார் வாசிக்கிறவர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

மாஸ்டரிங்கில், அதாவது மிக்ஸுக்குப் பிறகு கடைசியாக மெருகேற்றும்போது, சத்தத்தை நசுக்கி நசுக்கி ஏற்ற வேண்டாம். ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கிறது. நீங்கள் மைனஸ் 7-க்கு ஏற்றி அனுப்பினால் அவர்கள் இறக்கிவிடுவார்கள், டிரம்ஸின் அடி மட்டும் நிரந்தரமாகப் போயிருக்கும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது, மைனஸ் 14-ஐவிடச் சத்தமான மாஸ்டர் என்றால் மைனஸ் 2 பாதுகாப்பு.

பங்கும் உரிமையும்

இது சலிப்பான பகுதி, ஆனால் குழுக்கள் உடைவது இங்கேதான். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர், பதிவுக்குக் காசு போட்டவர், கூலிக்கு வந்து டிரம்ஸ் வாசித்தவர் என்று ஒவ்வொருவருக்கும் எதில் எவ்வளவு சதவீதம் என்பதை ஒரு தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுங்கள். பாட்டு ஓடாத காலத்தில் பேசுவது சுலபம். காசு வர ஆரம்பித்த பிறகு பேசினால் அண்ணன் தம்பியே முகம் கொடுக்க மாட்டார்கள்.

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பு ஒரு வடிவத்தில் பதிவானதுமே உரிமை தானாக வந்துவிடும், எங்கேயும் போய்ப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் நாளைக்குச் சண்டை வந்தால் காட்ட ஆதாரம் வேண்டும் என்று நினைத்தால், அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் விருப்பப் பதிவாக அறிவிக்கலாம். பாடலாசிரியரும் இசையமைத்தவரும் அவர்களுக்கான உரிமைத் தொகையை வசூலித்துத் தருகிற எம்ஏசிபி அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டையும் அதில் பதிந்துவிடுங்கள். வானொலியிலும் பொது இடங்களிலும் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குச் சேர வேண்டிய காசு அந்த வழியாகத்தான் வரும், ஸ்பாட்டிஃபை கணக்கில் வராது.

பழைய சினிமாப் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து முன்னால் ஒட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதற்கு மெட்டின் உரிமையாளரிடமும் ஒலிப்பதிவின் உரிமையாளரிடமும் தனித்தனி அனுமதி வேண்டும். வாங்க முடியாது என்றால் அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள். உறுமி வேண்டுமென்றால் ஊரில் உள்ள தம்பிகளைக் கூப்பிட்டு நீங்களே பதிவு செய்யலாமே, டிஸ்டார்ஷன் கித்தாருக்குக் கீழே உறுமி ஓடினால் அப்படி ஒரு பலம்.

அனுப்புவது

ஸ்பாட்டிஃபைக்கும் ஆப்பிள் மியூசிக்குக்கும் நாம் நேராக அனுப்ப முடியாது, நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா வாங்கும், சிடி பேபி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒருமுறைக் கட்டணம் வாங்கி வருமானத்தில் ஒரு பங்கும் எடுத்துக்கொள்ளும். சந்தா முறையில் பணம் கட்டுவதை நிறுத்தினால் பாட்டுக்கு என்ன ஆகும் என்பதைச் சேரும் முன்பே படித்துவிடுங்கள், கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால் இறக்கிவிடுகிற இடங்கள் உண்டு. வேலை நிரந்தரம் இல்லாத பிள்ளைகளாக இருக்கிற குழுவுக்கு ஒருமுறைக் கட்டணமே நல்லது என்பது என் எண்ணம்.

அமெரிக்க நிறுவனங்கள் வரிப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்லும், தனிநபர் என்றால் டபிள்யூ-8பென். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொதுவான வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்காவில் கேட்கப்பட்டு வருகிற பங்கில் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். மற்ற நாடுகளில் கேட்டதற்கு இது பொருந்தாது. நம் கேட்பவர்கள் பெரும்பாலும் மலேசியா, சிங்கப்பூர், தமிழ்நாடு என்பதால் கவலைப்பட ஒன்றுமில்லை, படிவத்தை மட்டும் சரியாக நிரப்புங்கள்.

கோப்பு வேவ் வடிவில், குறைந்தது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். எம்பி3-ஐ வேவாக மாற்றி அனுப்பாதீர்கள், போன தரம் திரும்பி வராது. அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல் சதுரம். அதில் இணைய முகவரி, இன்ஸ்டாகிராம் பேர், "இப்போது வெளிவந்தது" மாதிரியான வாசகம் எதுவும் வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவார்கள். அட்டைப்படத்தாலேயே கோப்பு தாமதமாவது உண்டு.

பேர்களை நிரப்பும்போது நிதானம். குழுவின் பேரில் உலகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று முன்பே தேடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பாட்டு பிரேசிலில் உள்ள யாரோ ஒருவருடைய பக்கத்தில் போய் உட்காரும். குழுப் பேரை ரோமன் எழுத்தில் ஒரே மாதிரி எல்லா இடத்திலும் எழுதுங்கள், ஒரு இடத்தில் ஒற்றை எழுத்து, இன்னொரு இடத்தில் இரட்டை எழுத்து என்று மாற்றினால் இரண்டு வெவ்வேறு கலைஞர்களாகிவிடுவீர்கள். மொழி என்ற கட்டத்தில் தமிழ். வகை என்ற கட்டத்தில் ஆல்டர்நேட்டிவ். தமிழ்ப் பாட்டு என்பதற்காக 'இந்திய இசை' என்று மட்டும் போட்டால் ராக் கேட்கிறவன் பக்கமே அது போகாது. ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து அடையாளக் குறியை விநியோகம் செய்பவர்களே தருவார்கள், அதை ஒரு இடத்தில் குறித்து வையுங்கள். பின்னால் அகூஸ்டிக் வடிவம் வெளியிட்டால் அதற்கு வேறு குறி.

இப்போது தேதி

பதிவேற்றும்போதே ஒரு தேதி கேட்பார்கள். அன்றிலிருந்து ஐந்தாறு வாரம் தள்ளிப் போடுங்கள், ஆனால் வெளியே மூச்சு விடாதீர்கள். உலகம் முழுக்கப் புதுப் பாட்டுகள் 2015 ஜூலையிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வெளிவருகின்றன, அதையே வைத்துக்கொள்ளலாம். தீபாவளியை ஒட்டிய வாரங்களைத் தவிருங்கள், எல்லாரும் அப்போதுதான் பாட்டு விடுவார்கள், வானொலிக்காரர்களுக்கும் மூச்சு விட நேரம் இருக்காது.

பாட்டு தளங்களில் ஏற்கப்பட்டது தெரிந்ததும் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கைத் திறந்து, பாட்டுப் பட்டியல்களைத் தொகுக்கிற அங்குள்ள ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரையுங்கள். வெளிவராத பாட்டை மட்டும்தான் பரிந்துரைக்க முடியும். வெளியீட்டுக்கு 7 நாளுக்கு முன்பாவது செய்தால் உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப் பாட்டுப் பட்டியலில் பாட்டு கட்டாயம் வரும். அங்கே எழுதுகிற குறிப்பில் "நாங்கள் கடுமையாக உழைத்தோம்" என்று எழுதாமல், தோட்டத்து ஊரிலிருந்து தமிழில் பாடுகிற குழு, பாட்டு எதைப் பற்றி, எந்தக் கருவிகள், எந்தெந்த வானொலிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்பதை நாலு வரியில் நேராகச் சொல்லுங்கள்.

இப்போது சொல்லலாம், ஊருக்குத் தேதியை.

தமிழ் வானொலிகளான மின்னல் எஃப்எம்முக்கும் ராகாவுக்கும் மூன்று வாரத்துக்கு முன்பே அனுப்புங்கள். பாட்டின் இணைப்பு, முழு வரிகளும் தமிழில், யார் எழுதியது யார் பாடியது என்ற விவரம், குழுவைப் பற்றி ஒரு பத்தி. வரிகளைச் சேர்த்து அனுப்புவது முக்கியம், ஒலிபரப்பும் முன் பாட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. ராக் பாட்டு இரவு நிகழ்ச்சிக்குத்தான் பொருந்தும் என்றால் அதைக் கேட்டே வாங்குங்கள், எந்த அறிவிப்பாளர் இந்த மாதிரி இசை போடுகிறார் என்று ஒரு வாரம் கேட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். தமிழ் நாளிதழ்களுக்கும் ஒரு நல்ல படத்துடன் செய்தி அனுப்புங்கள். தாத்தா பாட்டிக்குப் பேரன் பேர் பத்திரிகையில் வந்தால்தான் அது பாட்டு.

ஊருக்குள் செய்ய வேண்டியதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பாட்டுக்குப் போகிற கியூஆர் குறியை ஒட்டும் தாளில் அச்சடித்து முடிவெட்டும் கடை, மாமாக் கடை, மோட்டார் பட்டறை என்று கேட்டு ஒட்டுங்கள். கேட்காமல் ஒட்டினால் கிழித்துப் போடுவார்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) சாப்பாட்டுக்கு நிற்கிற வரிசையில் கைப்பேசியை நோண்டாதவர் யாரும் இல்லை, அங்கே ஒரு கித்தாரோடு போய் நின்று பாடலாம், ஏற்பாட்டாளரிடம் முன்பே சொல்லிவிட்டு. கோயில் திருவிழா மேடையில் டிஸ்டார்ஷனை ஏற்ற வேண்டாம், அந்த மேடைக்கு வேறு மரியாதை. வெளியீட்டுக்கு மறுநாள் சனிக்கிழமை, டேவானையோ (ஊர்ப் பொது மண்டபம்) பள்ளி மண்டபத்தையோ எடுத்து ஒரு சின்ன நிகழ்ச்சி வையுங்கள், மாவட்ட மன்றத்திலும் போலீஸிலும் என்ன அனுமதி தேவை என்று மாதக் கணக்கில் முன்பே கேட்டு வாங்கிக்கொண்டு. சத்தத்தைப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் விடிகாலையில் பால்மரம் சீவப் போகிறவர்கள் பக்கத்து லயத்தில் தூங்குவார்கள்.

வெளிவந்த அன்று எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குக் காசு கணக்கிடுகிறார்கள். அந்த ஆயிரத்தைக் காசு கொடுத்து வாங்க வழி காட்டுகிறவர்கள் வருவார்கள், வேண்டவே வேண்டாம், போலி எண்ணிக்கை தெரிந்தால் பாட்டையே எடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒன்று வெளியே விடுங்கள்: வரிகளோடு ஒரு காணொளி, ஜாம்மிங் அறையில் எடுத்தது, பிறகு தனிக் கித்தாரில் பாடியது. முதல் வாரத்தைவிட நாலாவது வாரத்தில் பாட்டைச் சேமித்து வைத்தவர்கள் கூடியிருந்தால் அந்தப் பாட்டு நடக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், டிரம்ஸ், பேஸ், கித்தார், குரல் என்று தனித்தனியாகப் பதிவான எல்லாக் கோப்பையும் இரண்டு வெவ்வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே, குழுவில் வேறொருவர் வீட்டில். யாராவது அந்தப் பாட்டை விளம்பரத்துக்கோ குறும்படத்துக்கோ கேட்டால் குரல் இல்லாத வடிவம்தான் முதலில் கேட்பார்கள்.